லூசிஃபரா, எமிலியா? குரோகோஸ்மியா வாங்கும் முன் உயரத்தைக் கேளுங்கள்!

பிரிட்டனில் இருக்கும் மகளோ மகனோ ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வீடியோ காலில் பேசும்போது, பின்னால் வேலியோரம் செக்கச்செவேலென்று ஒரு பூ வளைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வாள் மாதிரி நிமிர்ந்த இலைகள், மெல்லிய தண்டு, அதன் நுனியில் வரிசையாக மொட்டுகள் என்றால், அது பெரும்பாலும் குரோகோஸ்மியாதான்.

“கடையில ஒரே பேர்ல ஏகப்பட்ட வகை வெச்சிருக்காங்கம்மா, எதை வாங்குறது?” என்று அங்கிருந்து கேள்வி வந்தால் என்ன சொல்வது? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

சுருக்கமான பதில் இதுதான். நிறத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். எவ்வளவு உயரம் வளரும், எவ்வளவு வேகமாகப் பரவும் என்ற இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எந்த ஊர்ப் பூ?

குரோகோஸ்மியாவின் தாயகம் ஆப்பிரிக்கா. தோட்டங்களில் வளரும் வகைகளின் முன்னோர்கள் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவை. கிளாடியோலஸும் குங்குமப்பூவும் இதன் சொந்தக்காரச் செடிகள். காய்ந்த பூவை வெந்நீரில் போட்டால் குங்குமப்பூ வாசம் வரும் என்பதால்தான், கிரேக்க மொழியில் ‘குங்குமப்பூ வாசனை’ என்று பொருள்படும் இந்தப் பெயர் வந்தது. அதற்காகப் பாயசத்தில் போட்டுவிடாதீர்கள். இது அழகுக்கு மட்டும்!

பக்கத்து வீட்டில் ‘சும்மா’ கிடைக்கும் செடி

பிரான்ஸின் நான்சி நகரில் விக்டர் லெமுவான் என்ற நர்சரிக்காரர், 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டு தென்னாப்பிரிக்க இனங்களைக் கலந்து ஒரு செடியை உருவாக்கினார. அதைத்தான் ‘மான்ட்பிரீஷியா’ என்கிறார்கள். ஆரஞ்சு நிறப் பூ, எந்த மண்ணிலும் பிழைக்கும். ஒன்று வைத்தால் சில வருடங்களில் பாத்தி முழுக்க அதுதான் இருக்கும்.

காரணம், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. பழைய கிழங்கு அழியாமல் அதன் மேலேயே புதுக் கிழங்கு உருவாகி, பாசிமணி கோத்த மாதிரி நீளும். பிடுங்கும்போது மாலை அறுந்து ஒரு மணி உள்ளே தங்கினாலும் மறுபடி முளைத்துவிடும்.

இது தோட்டத்தை விட்டு வெளியேறி ஓடைக்கரை, காட்டோரமெல்லாம் பரவியதால், மான்ட்பிரீஷியாவைக் காட்டுப் பகுதியில் நடுவதும் பரவவிடுவதும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டப்படி குற்றம். வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கத் தடையில்லை. ஆனாலும் பெயர் தெரியாத கிழங்கை யாராவது பை நிறையக் கொடுத்தால், யோசித்து வாங்குங்கள்.

பாத்திக்கு எது?

*லூசிஃபர்:* எல்லோரும் கேட்பது இதைத்தான். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஆலன் ப்ளூம் 1960-களில் உருவாக்கியது. தீப்பிழம்பு மாதிரி சிவப்பு. சுமார் 4 அடி வளரும் என்பதால் பாத்தியின் பின்வரிசையில்தான் இதற்கு இடம். முன்னால் வைத்தால் மற்ற செடிகளை மறைத்துவிடும். குளிரை நன்றாகத் தாங்கும். மான்ட்பிரீஷியா அளவுக்கு அட்டகாசம் செய்யாது. பூ வாடியதும் விதை முற்றுவதற்குள் தண்டை வெட்டிவிட்டால், அங்கங்கே முளைக்கும் தொல்லையும் குறையும்.

*ஹெல்ஃபயர்:* அதே சிவப்பு வேண்டும், ஆனால் இடம் குறைவு என்பவர்களுக்கு. லூசிஃபரைவிடக் குள்ளம், நிறம் இன்னும் அடர்த்தி.

*ஜார்ஜ் டேவிசன்:* மஞ்சள் பூ, சுமார் 2 அடி. பாத்தியின் நடுவரிசைக்கு ஏற்றது. இந்தப் பெயரில் வேறு மஞ்சள் வகைகளும் கலந்து விற்கப்படுவதால், முடிந்தால் பூத்திருக்கும்போதே பார்த்து வாங்குங்கள்.

தொட்டிக்கு எது?

*எமிலி மெக்கென்சி:* சுமார் 2 அடிதான் வளரும். பெரிய ஆரஞ்சு பூ, நடுவில் அடர் பழுப்புத் திட்டு. மற்றவை ஓயும் நேரத்தில், ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் பூக்கும்.

*சோல்ஃபடேர்:* இதுவும் லெமுவான் கொடுத்ததுதான். வெண்கல நிற இலையும் இளமஞ்சள் பூவும் சேர்ந்து, பூக்காத நாளிலும் பார்க்க அழகு. ஆனால், கொஞ்சம் குளிருக்குப் பயப்படும்.

தொட்டி ஒரு அடி ஆழமாவது இருக்கட்டும். அடியில் துளை அவசியம். தொட்டி மண் சீக்கிரம் உறைந்துவிடும் என்பதால், குளிர்காலத்தில் வீட்டுச் சுவரையொட்டியோ ஷெட்டுக்குள்ளோ நகர்த்திவிடுங்கள்.

நடுவது எப்படி?

வசந்த காலத்தில், அதாவது மார்ச், ஏப்ரலில் கிழங்கை 8 முதல் 10 செ.மீ ஆழத்தில் நடலாம். நல்ல வெயில், அல்லது லேசான நிழல் போதும். இதன் சொந்த மண்ணில் மழை பெய்வது கோடையில். அதனால் கோடையில் மண் காயக் கூடாது. குளிர்காலத்தில் நீர் தேங்கக் கூடாது. காய்ந்த இலைகளைக் குளிர்காலம் முழுக்க அப்படியே விட்டால், கிழங்குக்குப் போர்வையாக இருக்கும்.

இலை இருக்கு, பூ இல்லையே?

இதை வளர்க்கும் பலரும் சொல்லும் புகார் இது. பெரும்பாலும் கிழங்குகள் நெருக்கியடித்துக்கொண்டிருப்பது, கோடையில் தண்ணீர் போதாதது, நிழல் அதிகமாக இருப்பது ஆகியவைதான் காரணம். மூன்று, நான்கு வருடங்களுக்கு ஒருமுறை வசந்தத்தில் தோண்டி, பிரித்து, இடைவெளிவிட்டு நட்டால் மறுபடி பூக்கும்.

பிரிக்கும்போது மிஞ்சும் கிழங்குகளைக் காட்டோரமோ ஓடையிலோ கொட்டாதீர்கள். வீட்டு கம்போஸ்ட்டிலும் வேண்டாம், அங்கேயே முளைத்துவிடும். எப்படி அப்புறப்படுத்துவது என்று உள்ளூர் கவுன்சிலில் கேட்டுக்கொள்வது நல்லது.

நம்ம ஊரில் வளருமா?

சென்னை, மதுரை வெயிலுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். குளிர்ந்த ஓய்வுக்காலம் கிடைக்கும் மலைப்பகுதிகளில்தான் இது சுகமாக வளரும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீடு இருப்பவர்கள் ஆசைப்பட்டால் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரிட்டனின் ஓடைக்கரைகளுக்கு நேர்ந்தது நம் சோலைக்காடுகளுக்கும் நேர வேண்டாம்.

சமவெளியில் இதே சிவப்பு, ஆரஞ்சு நிறங்கள் வேண்டுமென்றால் கல்வாழை இருக்கிறது. உயரமான ரகத்தைச் சுவரோரத்திலும், குட்டை ரகத்தைத் தொட்டியிலும் வையுங்கள். அதையும் வாங்கும் முன் உயரத்தைக் கேட்க மறக்காதீர்கள்!