ஏவலாளும் காவலாளும்

எச்.ரி.எம்.எல். கொண்டு வலைப்பக்கம் அமைக்கப் பழகிய மாணவர், அடுத்தபடியாக அதனை இயங்கச் செய்ய விரும்புதல் இயல்பே. பொத்தானை அழுத்தினாற் பட்டியல் விரியவேண்டும். படிவத்திற் பிழை நேரின் அப்பொழுதே சுட்டவேண்டும். இவற்றைச் செய்விக்கப் பிறந்த நிரல் மொழியே ஜாவாஸ்கிரிப்ற். நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பார் 1995ஆம் ஆண்டு மே மாதத்திற் பத்தே நாட்களில் இதன் முதல் வடிவத்தை ஆக்கினார். மோக்கா எனவும் லைவ்ஸ்கிரிப்ற் எனவும் வழங்கிய இம்மொழி, அவ்வாண்டு டிசம்பரில் இன்றைய பெயரைப் பெற்றது. ஜாவாவின் பெயரைத் தாங்கினும் இது வேறொரு மொழியே.

இதனைக் கற்போர் முதலில் உணரவேண்டியது ஒன்றுண்டு. வலைப்பக்கத்தில் நாம் சேர்க்கும் நிரல் நம்மிடத்திலிருந்து இயங்குவதன்று. அது பக்கத்தோடு கூடவே சென்று, வாசகரின் கணினியில், அவரது மேலோடியினுள்ளே இயங்குகின்றது. இதனால் விளையும் நன்மை பெரிது. விண்ணப்பப் படிவத்திற் பிறந்த திகதியை ஒருவர் எழுதாது விட்டால், அப்படிவம் சேவையகம் வரை சென்று திரும்பவேண்டியதில்லை. இருந்த இடத்திலேயே குறை சுட்டப்படும். இஃது ஏவலாளின் பணி.

ஆயின், ஏவலாளைக் காவலாளாக எண்ணிவிடலாகாது. வாசகரின் கணினியில் இயங்குவதை அவர் நிறுத்தலாம், மாற்றலாம், பக்கத்தைத் திறவாமலே சேவையகத்துக்கு நேரே தரவுகளை அனுப்பவுஞ் செய்யலாம். பொருளின் விலையைப் பக்கத்திலேயே கணித்து, வந்த தொகையை அப்படியே ஏற்கும் கடையொன்றை எண்ணிப் பாருங்கள். 5000 ரூபாவை 5 ரூபாவாக மாற்றத் தெரிந்தவனிடம் அக்கடை தன் பணப்பெட்டியையே ஒப்படைத்ததாகும். எனவே, மேலோடி சோதித்த யாவற்றையும் சேவையகம் மீண்டுஞ் சோதித்தே தீரவேண்டும்.

மற்றொன்றும் கூறுவோம். இணைப்பு நலிந்த இடத்தில் நிரல் முழுமையாக வந்து சேராது போகலாம். அப்பொழுது 'அனுப்புக' என்னும் பொத்தான் உயிரற்றுக் கிடக்குமாயின், முடிவுத் திகதியன்று விண்ணப்பிக்கும் மாணவனின் கதி யாது? ஆதலால், நிரலின்றியே படிவம் சென்றடையுமாறு முதலில் எச்.ரி.எம்.எல். கொண்டு பக்கத்தை அமையுங்கள். அதன் பின்னரே ஜாவாஸ்கிரிப்றைச் சேருங்கள். முடித்தபின், மேலோடியில் ஜாவாஸ்கிரிப்றை நிறுத்திவிட்டு உங்கள் பக்கத்தை ஒருமுறை நீங்களே பயன்படுத்திப் பாருங்கள். அதன் உண்மையான வலிமை அப்பொழுது விளங்கும்.