விரதம் இரவோடு இருக்கட்டும்



“கீட்டோ ஆரம்பித்திருக்கிறேன். கூடவே விரதமும் இருந்தால் எடை சீக்கிரம் இறங்கும் என்கிறார்கள். 16 மணி நேரமா, 14 மணி நேரமா, ஒரே வேளைச் சாப்பாடா? எதை எடுத்துக்கொள்வது?”

நீலகிரியின் சேரம்பாடியில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வாசகி ஒருவரின் கேள்வி இது. சென்னையில் கணினி முன் உட்கார்ந்திருப்பவரும் இதையேதான் கேட்கிறார். ஆனால் இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. சொல்லக்கூடாது என்பதால்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை அந்தச் சகோதரிக்காக எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பிடாமல் இருக்கும் நேரத்தை இரவுப் பக்கம் தள்ளுங்கள். மேட்டில் ஏறி இறங்கி உழைக்கும் பகலில் வயிற்றைக் காயப் போடாதீர்கள்.

கீட்டோ உணவு எடை குறைப்புக்காகப் பிறந்ததல்ல. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோயாளிகளுக்காக அதை முன்வைத்தார். மாவுச்சத்தை ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராமுக்குள் அடக்கிவிட்டால், உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்கி அதில் ஓடும். தமிழ்நாட்டில் இதன் நெருங்கிய உறவான பேலியோ, நியாண்டர் செல்வனின் ‘பேலியோ டயட்’ நூல் வழியாகவும் பலருக்கு அறிமுகமானது. அதைப் பின்பற்றி எடையையும் சர்க்கரையையும் குறைத்தவர்கள் நம் வாசகர்களிலும் இருக்கிறார்கள்.

இப்போது சேரம்பாடிக்கு வருவோம். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் அரசு தேயிலை பயிரிட்டது. அதுவே பிறகு டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆயிற்று. அந்தக் குடும்பங்களோடு சேர்ந்து வந்தது கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுச் சுடும் ரொட்டியும் சம்பலும். எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாடு என்பதால் மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் உண்டு. ரேஷன் அரிசிச் சோறு எல்லா வீட்டிலும் உண்டு. மதியம் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தால் முக்கால்வாசி சோறு, ஓரத்தில் கொஞ்சம் பருப்போ கிழங்கோ இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சமைத்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. வேலை செய்து பசித்தவர் 300 கிராம் சோறு சாப்பிடுவது சாதாரணம். அந்த ஒரு வேளையிலேயே 80 கிராமைத் தாண்டிவிடும். தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளாசுக்கு 2 ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு 4 கிளாஸ் என்றால் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை. முழுக் கீட்டோவில் ஒரு நாளைக்கு அனுமதிக்கும் மாவுச்சத்தின் பெரும்பகுதி டீயிலேயே போய்விடுகிறது. எந்த விரதத்தையும் தொடங்குமுன் சகோதரி செய்ய வேண்டிய முதல் வேலை, சர்க்கரையும் பாலும் போடாத கட்டன் சாயாவுக்கு மாறுவது. ஊரில் விளையும் இலை, கூடுதல் செலவில்லை, விரத நேரத்திலும் குடிக்கலாம். சாப்பாட்டோடு சேர்த்து மட்டும் குடிக்க வேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீர் தடுக்கும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

இரும்புச்சத்தை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் அதிக எடை கொண்டவர்கள். அதே ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. எடை கூடியிருக்கும் பெண்ணுக்கே ரத்தமும் குறைவாக இருக்கலாம். அப்படிப்பட்டவர் வேளையைக் குறைத்தால், குறைத்த வேளையோடு முட்டையும் கீரையும் மீனும் போய்விடக்கூடாது. குறைய வேண்டியது சோறும் சர்க்கரையும்தான்.

கீட்டோ என்றால் பாதாமும் வெளிநாட்டுப் பாலாடைக்கட்டியும் வாங்க வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. முட்டை இருக்கிறது. கேரளக் கரையிலிருந்து வரும் மத்தி இருக்கிறது. தேங்காய் இருக்கிறது. நீலகிரியிலும் வயநாட்டிலும் காய்க்கும் பட்டர் ஃப்ரூட், காசு கொடுத்து மற்றவர்கள் தேடுகிற அருமையான கொழுப்புணவு. மழைக்காலத்தில் முளைக்கும் காட்டுக்கீரைகளை அந்தப் பக்கத்துப் பணியர் பழங்குடிப் பெண்களைப் போல் அறிந்தவர்கள் இல்லை. சோற்றை ஒரேயடியாக விட முடியாவிட்டால் பாதியாக்கி, அந்த இடத்தில் 2 முட்டையும் ஒரு கை கீரையும் வையுங்கள். நம்மவர்கள் உண்ணும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதை மொத்த ஆற்றலில் ஏறக்குறைய பாதியாகக் குறைத்துப் புரதத்தைக் கூட்டினாலே புதிதாக வந்த சர்க்கரை நோயைப் பின்வாங்கச் செய்ய வாய்ப்புண்டு என்று 2022இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இந்தியாப்’ ஆய்வுக் கணிப்பு சொல்கிறது. முழுக் கீட்டோவை எட்டாவிட்டால் எல்லாம் வீண் என்று யாரும் மனம் தளர வேண்டாம்.

இனி விரதம். இதில் ஆசையும் அதிகம், தவறான நம்பிக்கையும் அதிகம். 2020இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 116 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு பிரிவினர் நண்பகல் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிட்டார்கள், மற்றவர்கள் வழக்கம்போல் மூன்று வேளை. எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. காலை உணவை விட்டவர்கள் இழந்த எடையில் கொழுப்பல்லாத உடற்பகுதியும் கணிசமாகப் போயிருந்தது. 2022இல் சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்விலும், உணவின் அளவைக் குறைத்தவர்களுக்கு நேரக்கட்டுப்பாடு தனியாகப் பெரிய பலன் எதையும் கூட்டிக் கொடுக்கவில்லை. 2018இல் அலபாமாவில் நடந்த சிறிய ஆய்வு வேறொன்றைக் காட்டியது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 8 ஆண்கள் பிற்பகல் 3 மணிக்குள் கடைசி உணவை முடித்தார்கள். எடை குறையாமலேயே அவர்களுக்கு இன்சுலின் வேலை செய்யும் திறனும் ரத்த அழுத்தமும் சீரடைந்தன.

ஆக, எத்தனை மணி நேரம் என்பதைவிட என்ன சாப்பிடுகிறோம், எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது பெரிது. விரதம் அந்த அளவைக் கட்டுப்படுத்த உதவும் வேலி, அவ்வளவுதான். வேலியைப் போடுவதானால் சாயங்காலப் பக்கம் போடுவது நல்லது.

இது சேரம்பாடிக்கு இயல்பாகவே பொருந்தும். அங்கே இருட்டிய பிறகு யானை பயத்தில் யாரும் தெருவில் நிற்பதில்லை, வீடு அடங்கிவிடும். சகோதரி இரவு உணவை ஆறரைக்குள் முடித்து, மறுநாள் காலை ஆறரைக்குச் சாப்பிட்டால் 12 மணி நேர விரதம் தூக்கத்திலேயே கழிந்துவிடும். இரண்டு மூன்று வாரம் இப்படி இருந்து உடம்பு ஒத்துக்கொண்டால், விடுமுறை நாட்களில் சாப்பாட்டைக் காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் நடுவில் அடக்கி 14 மணி நேரம் பழகலாம். வேலை நாளில் காலை உணவை விட்டுவிட்டு வெறும் வயிற்றோடு சரிவில் நிற்கும் 16 மணி நேர முறையும், ஒரே வேளைச் சாப்பாடும் கொழுந்து பறிக்கிறவருக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தலைசுற்றி விழுந்தால் அந்தச் சரிவில் அடி பலமாகப் படும்.

தண்ணீரும் உப்பும் மறக்கக்கூடாதவை. மாவுச்சத்து குறையும்போது சிறுநீரகம் உப்பை அதிகம் வெளியேற்றும். முதல் வாரத் தலைவலிக்கும் கெண்டைக்கால் பிடிப்புக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். மழை நாளில் தாகம் தெரியாது என்பதால் நினைவு வைத்துக் குடிக்க வேண்டும். உயர் ரத்த அழுத்தம் இல்லாதவர்கள் உப்புப் போட்ட எலுமிச்சை நீரோ எலும்பு சூப்போ எடுத்துக்கொள்ளலாம். முதல் வாரத்தில் மளமளவென்று குறையும் எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான் என்பதும் தெரிந்திருக்கட்டும். அதன் பிறகு வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே நல்ல வேகம்.

சிலர் விரதத்தையும் கீட்டோவையும் தாமாகத் தொடங்கவே கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், சிறுநீரக நோயாளிகள் இதில் முதல் வரிசை. இன்சுலினோ கிளிமிப்ரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்குக் கீட்டோவில் ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு, சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே அது நேரலாம். நீலகிரி வாசகர்களுக்கு இன்னொன்று. பணியர், குறும்பர், இருளர் மக்களிடம் அரிவாள் அணு ரத்தசோகைக்கான மரபுக்கூறு இருப்பதை 1952லேயே லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அந்த நோய் உள்ளவர்களுக்கு உடலில் நீர் வற்றுவதே கடும் வலியைக் கிளப்பும். தண்ணீர் இல்லாத விரதம் அவர்களுக்கு எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

சகோதரி, தொடங்குமுன் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஒரு தையல் டேப்பால் இடுப்புச் சுற்றை அளந்து எழுதி வையுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் ஆண்களுக்கு 90க்குள்ளும் இருப்பது நல்லது. மூன்று மாதம் கழித்து நான்கையும் மறுபடி பாருங்கள். எடை கொஞ்சமாகக் குறைந்து, இடுப்பு சுருங்கி, ஹீமோகுளோபின் இறங்காமல் இருந்தால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள்.

தேயிலைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் வாசகர்களும் நமக்கு உண்டு. அவர்களுக்கு இரவே உழைக்கும் நேரம், ஆகவே விரதம் அவர்கள் தூங்கும் பகலோடு சேர வேண்டும். உங்கள் வேலை நேரம், சாப்பாட்டு நேரம், எடுக்கும் மருந்துகளை எழுதி அனுப்புங்கள். மருத்துவரிடமும் உணவியல் வல்லுநரிடமும் கேட்டு, அடுத்த இதழ்களில் ஒவ்வொரு வேலைக்கும் ஏற்ற கால அட்டவணையைத் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்