அழாத பிள்ளைக்கும் பால் வேண்டும்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. இது வீட்டுக்கு மட்டுமன்றி அரசாங்கத்தின் பணப்பெட்டிக்கும் பொருந்துவதை நாம் நாளாந்தம் காண்கிறோம். பலமாகக் குரலெழுப்பும் ஊருக்குப் பாலமும் வீதியும் முந்தி வந்துவிடுகின்றன. குரலற்ற ஊர் காத்துக் கிடக்கின்றது. துவிச்சக்கரவண்டிப் பாதைகளின் கதையும் இதுவே.

புத்தளம் மாவட்டத்து ஆலங்குடாவை எடுத்துக்கொள்வோம். மேற்கே கடல், கிழக்கே களப்பு, இடையே ஒடுங்கிய மணல் நிலம். அதன் நெடுகே ஓடும் பாலாவி–கற்பிட்டி வீதியே அவ்வட்டாரத்தின் உயிர்நாடி. மரக்கறி லொறிகளும், மீன் வான்களும், நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குச் செல்லும் வாகனங்களும், உல்லாசப் பயணிகளின் வண்டிகளும் அதனையே நம்பியுள்ளன. அதே வீதியின் ஓரத்தில், புத்தகப் பையைப் பின்னே கட்டிக்கொண்டு சைக்கிளில் செல்லும் மாணவனும் இருக்கின்றான். லொறி வரும்போது தார் விளிம்பைவிட்டு அவன் மணலில் இறங்குகின்றான். மணலில் சில்லுப் புதைந்தால் சமநிலை தவறும். அந்த ஒரு கணத்தில் அவன் உயிர் ஊசலாடுகின்றது.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் பஞ்சத்தின்போது, சைக்கிளை மறந்திருந்தோரும் அதனைத் தேடியெடுத்தனர். பெற்றோல் வந்தது, சைக்கிளின் நினைவு மீண்டும் மங்கியது. ஆனால், பஞ்சமில்லாக் காலத்திலும் சைக்கிளன்றி வேறு வாகனமில்லாத குடும்பங்கள் பல உள. அவர்களுக்கான பாதைகளுள் எதனை முதலில் அமைப்பதென்று அரசாங்கங்கள் எவ்வாறு தீர்மானிக்கின்றன?

பொதுவாக மூன்று அளவுகோல்கள் கையாளப்படுகின்றன. முதலாவது, இன்று ஒரு வீதியில் எத்தனை சைக்கிள்கள் செல்கின்றன என்று எண்ணுதல். இரண்டாவது, எங்கே விபத்துகள் மிகுதியென்று பார்த்தல். மூன்றாவது, செலவையும் நன்மையையும் நிறுத்துப் பார்த்தல். நடப்போரிடையும் சைக்கிளோட்டுவோரிடையும் குறையக்கூடிய அகால மரணங்களைப் பணப் பெறுமதியாக்கிக் கணிக்கும் முறையொன்றை உலக சுகாதார நிறுவனமே வகுத்துள்ளது.

மூன்றும் நியாயமானவையாகவே தோன்றுகின்றன. ஆயினும் ஒரு குறையுண்டு. வீதிக்கு அஞ்சி மகளைச் சைக்கிளில் அனுப்பாத தாயொருத்தியை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை முதற் கணக்கில் இல்லை. வீதிக்கு வராதவளுக்கு விபத்தும் இல்லையாதலால் இரண்டாவதிலும் இல்லை. சனத்தொகை மிக்க நகரமே மூன்றாவதில் எளிதில் வெல்லும். ஆகவே, எந்த வீதி மிக அபாயமானதோ அதுவே ஏட்டில் அமைதியான வீதியாகிவிடுகின்றது! அவள் அழாத பிள்ளை.

இதற்கு மாற்றுண்டா? 1667இல் கற்பிட்டியிலே கோட்டை கட்டத் தொடங்கிய ஒல்லாந்தரின் தாயகத்தைப் பார்ப்போம். 1971இல் அங்கே வீதி விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400க்கும் அதிகமானோர் சிறுவர். பெற்றோர் வீதியிலிறங்கிக் குரலெழுப்பினர். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்தது. அரசாங்கம் ஹேக், தில்பர்க் ஆகிய நகரங்களில் மாதிரிப் பாதைகளை அமைத்தது. பாதைகள் சிறந்தவையே, ஆயினும் தனியொரு பாதை நகரின் வழக்கத்தைப் பெரிதாக மாற்றவில்லை. பின்னர் 1980களில் டெல்ஃப்ட் நகரம் வேறு வழியிற் சென்றது. அழகிய ஒரு பாதைக்குப் பதிலாக, விடுபட்ட இடங்களை இணைத்து ஊர் முழுவதையும் வலைபோற் பின்னியது. பலன் தெரிந்தது. பாதி வழியில் அறுந்துபோகும் பாதை, பாதி ஆற்றில் நின்றுவிட்ட பாலத்துக்கு ஒப்பானதன்றோ!

இங்கிலாந்தில் வேறொரு கணக்கும் வந்துள்ளது. இன்று யார் ஓட்டுகின்றனர் என்பதோடு நில்லாது, தூரத்தையும் மேடு பள்ளத்தையும் கொண்டு, வசதியிருந்தால் எத்தனைபேர் ஓட்டக்கூடும் என்று வழிவழியாக மதிப்பிடுகின்றனர். மலையே இல்லாத நம் மணற்கரைக்கு இக்கணக்கு மிகப் பொருந்தும்.

சென்னை மாநகராட்சியோ 2014இல், போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 வீதம் நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் உரியதெனக் கொள்கை வகுத்தது. பந்தியில் அமர்த்துமுன் இலையைப் போட்டுவைக்கும் வழி இது. இலை போட்டபின் சோறு பரிமாறப்படுகின்றதா என்று பார்ப்பது மக்களின் பொறுப்பு.

பீகார் மாநிலம் தரும் பாடமும் சிந்திக்கத்தக்கது. 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வழங்கும் திட்டம் அங்கே தொடங்கிற்று. உயர்நிலைப் பள்ளியிற் சேரும் பெண்கள் பெருகினர். பள்ளி தொலைவிலிருந்த கிராமங்களிலேயே பயன் மிகுதியென ஆராய்ந்தோர் கண்டனர். தூரமே தடையாயிருந்த இடத்தில் இட்ட பணம் மிகுதியாக விளைந்தது.

எனவே, முதலில் எதுவென்று எம்மைக் கேட்டால், பாடசாலைக்குச் செல்லும் வழியே முதலென்போம். அதிலும் பஸ் அரிதாயும் லொறி மிகுந்தும் உள்ள வழிக்கு முதலிடம் தரவேண்டும். பாதை சிறிதாயினும் வீட்டிலிருந்து பாடசாலைவரை அறாது செல்லவேண்டும். பெருஞ்செலவில் ஒரு கிலோமீற்றர் அலங்காரப் பாதையைவிட, வீதியோரத்தைக் கெட்டிப்படுத்திக் கோடிட்டு, பாடசாலை வாயிலில் வேகத்தைக் குறைப்பது மேலானது.

யாரிடம் கேட்பது? ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சார்ந்தவை. சிற்றொழுங்கைகள் பிரதேச சபையைச் சார்ந்தவை. சபைகளின் வரவு செலவுத் திட்டம் ஆண்டிறுதியில் தயாராகின்றது. அதற்கு முன்னரே மாணவர்கள் ஆசிரியரின் துணையுடன் ஒரு வேலை செய்யலாம். சைக்கிளில் வருவோர் எத்தனைபேர் என்று எண்ணுங்கள். அதனோடு, "வழி பாதுகாப்பாயிருந்தால் வருவேன்" என்போரையும் தனியே எண்ணுங்கள். மணலில் இறங்கவேண்டிய இடங்களை ஒரு படத்திற் குறியுங்கள். ஒருவார உழைப்பு, ஒரு கொப்பித் தாள் போதும்.

அந்த இரண்டாவது எண்தான் எந்த அலுவலகத்தின் ஏட்டிலும் இல்லாதது. அழத் தெரியாத பிள்ளையின் பசியை அறிபவளே தாய். அரசாங்கம் தாயாக இருக்கவேண்டுமென்று விரும்புகின்றோம். அதுவரை, அந்தப் பிள்ளையின் பசியை எண்ணிச் சொல்வதேனும் நம் கடனாகட்டும்.