முப்பது மடங்கு தந்த நிலம்

விதைப்பவன் உவமையைக் கேட்கும்போது பாதையோரமும் பாறையும் முட்செடியுமே நம் நினைவில் நிற்கின்றன. கமக்காரர் கவனிக்க வேண்டியது வேறொன்று. மத்தேயு நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் நல்ல நிலமெல்லாம் ஒரே அளவாக விளையவில்லை. ஓரிடம் 100 மடங்கு, ஓரிடம் 60, ஓரிடம் 30. முப்பது தந்ததை இயேசு தள்ளிவிடவில்லை. அதையும் நல்ல நிலத்தோடுதான் சேர்த்தார்.

திட்டக் கூட்டங்களில் நடப்பது வேறு. அங்கே ஒரு 'முன்மாதிரிக் கமக்காரர்' தேவைப்படுகிறார் (அறிக்கைக்குப் படமும் வேண்டுமே!). அவரைக் காட்டி, "உங்களால் ஏன் முடியவில்லை?" என்று மற்றவர்களைக் கேட்கிறார்கள். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறி, பின்னர் வன்னிக்கு வந்தவரை எண்ணிப் பாருங்கள். செம்மண்ணில் கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் புகையிலையும் செய்த கை அது. குளத்து நீரை நம்பி நெல் விதைத்தபோது அவர் ஒன்றும் தெரியாதவராகத் தோன்றினார். அது அவருடைய குறையா? மிதிவெடியில் காலை இழந்தவர் வீட்டு வளவில் கத்தரி நடுகிறார். கணவனை இழந்த சகோதரி நாலு கோழியுடன் தொடங்குகிறார். இவர்களை இரண்டு ஏக்கர் வயல்காரரின் கணக்கால் அளப்பது அநீதி என்றே நாம் கருதுகிறோம்.

உயிர்த்த ஆண்டவரின் உடலிலும் காயங்கள் இருந்தன. அவற்றை மறைக்காமல் தோமையாருக்குக் காட்டினார். அப்படியிருக்க, ஊன்றுகோலுடன் வருபவர் ஏன் பின்வரிசையைத் தேட வேண்டும்?

அடுத்த கூட்டத்தில் விளைச்சலைக் கேட்குமுன், அவரவர் பிறந்த மண் எது, கைவந்த செய்கை எது என்று கேளுங்கள். செம்மண்காரர் வெங்காயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கூட்டம் முடிய இருட்டிவிடும்.