மெரிட் லிஸ்ட் வர்ற வரைக்கும்...

விழுப்புரத்துல ரயில் ஏறி, திண்டிவனம், தாம்பரம் தாண்டினா பரங்கிமலை. 1963-ல் தொடங்கின ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி அங்கதான். உள்ளே போக ஒரு வழி, யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு ரெண்டு தடவை நடத்துற சி.டி.எஸ். தேர்வு. ஃபைனல் இயர் மாணவர்களும் எழுதலாம். இந்த அகாடமிக்கு மட்டும்னா கணக்குப் பேப்பர் கிடையாது. இங்கிலீஷும் பொது அறிவும்தான்.

அப்புறம் 5 நாள் எஸ்.எஸ்.பி. நேர்காணல். கடைசி நாள் 'ரெகமண்டட்'னு சொன்னதும் தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்துடாதீங்க பாஸ்! மெடிக்கலும் மெரிட் லிஸ்ட்டும் பாக்கி. எழுத்துக்கு 200, எஸ்.எஸ்.பி.க்கு 200, கூட்டிப் பார்த்து, காலியிடத்துக்குள்ள பேர் வரணும்.

அதுவரைக்கும் அடுத்த சி.டி.எஸ்.ஸுக்கும் விண்ணப்பிங்க. காலை ஓட்டத்தை விட்டுடாதீங்க. 'என்னப்பா, ரிசல்ட் என்னாச்சு?'னு பஸ் ஸ்டாண்டுல கேக்கறவங்ககிட்ட, 'ஓடிட்டிருக்கேன் மாமா'ன்னு சொல்லுங்க. பொய்யில்லையே!