எந்த லினக்ஸ்?

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் ஆதரவை முடித்துக்கொண்டபின், பழைய கணினி வைத்திருப்போர் பலர், "எந்த லினக்ஸைப் போடலாம்?" என்று கேட்கின்றனர். நம்மவர் தரும் மறுமொழி யாது? சமயச் சண்டையே!

1983-ல் க்னூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்டு ஸ்டால்மனின் கொள்கைப்படி, கட்டற்ற மென்பொருளை எவரும் இயக்கலாம், ஆராயலாம், திருத்தலாம், பகிரலாம். இக்கொள்கையில் நமக்குப் பேதமில்லை. ஆயினும், மூடிய நிரல் ஒன்றேனும் கலந்ததைத் தொடலாகாதென்னும் புதிய ஆசாரக்காரரை மறுக்கிறோம். அவர் சொற்கேட்டு டிரிஸ்குவலை நிறுவியவனின் வைஃபை கருவி மூடிய நிரலின்றி இயங்காததாயின், அவனுக்கு இணையமே கிட்டாது. மறுநாளே அவன் விண்டோஸுக்கு மீள்வான். தூய்மை பிழைத்தது, மனிதன் கைவிடப்பட்டான். இதுவா விடுதலை?

1993-ல் தோன்றிய டெபியன், அத்தகைய கருவி நிரல்களை நிறுவற் கோப்பிலேயே சேர்க்க 2022-ல் வாக்கெடுத்துத் தீர்மானித்தது; 2023-ல் வந்த 12-ஆம் பதிப்பில் நிறைவேற்றிற்று. கொள்கை கெட்டதென்று கூவினோர் உண்டு. நாமோ அதனை நேர்மை என்போம். மூடியவற்றை அது மறைக்கவில்லை, தனிப்பிரிவில் வைத்திருக்கிறது. வேண்டாதார் நிறுவும்போதே விலக்கலாம்.

ஆதலின் புதியவர்க்கு டெபியனையே சிபாரிசு செய்கிறோம். சிபாரிசு செய்வோர்க்கும் கடமையுண்டு. முதலில் பென் டிரைவிலிருந்தே இயக்கி, இணையம், ஒலி, அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு யாவும் நடப்பதைக் காட்டுங்கள், பின்னரே நிறுவுங்கள், அதன்பின் கொள்கை பேசுங்கள். பெயரைச் சொல்லிவிட்டு நழுவுவது சிபாரிசன்று, வெறும் உபதேசமே!