கொல்லையில் ஒரு விருந்துக் கொட்டகை

தம்பி மகன் தன் வீட்டுக் கொல்லையில் சமைக்கவும் விருந்தாளிகளை உட்கார வைக்கவும் ஒரு கட்டடம் எழுப்பப் போகிறான். போன வாரம் வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "எப்படி இருக்கு பெரியப்பா?" என்று கேட்டான். கண்ணாடிக் கதவு, கருப்பு கிரானைட் மேடை, தொங்கும் விளக்குகள், நீள சோபா, எதிரே பெரிய டிவி. பளபளவென்றுதான் இருந்தது. சமைக்கிறவர் எங்கே நிற்பார் என்று தேடினேன். மூலையில், சுவரைப் பார்த்தபடி அடுப்பு.

இந்த மாதிரிப் படங்களை எல்லாம் சோபாவில் உட்கார்ந்துகொண்டே வரைகிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு. சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் அந்தக் குற்றத்தை நானே செய்திருக்கிறேன். 1994-ல் தஞ்சாவூரில் வீடு கட்டியபோது பின்னால் இருபதுக்குப் பன்னிரண்டில் ஒரு ஓட்டுக் கொட்டகை போட்டேன். பொதுப்பணித் துறையில் இருக்கிறவனுக்குத் தெரியாததா என்ற திமிர். குழாய்ச் செலவு மிச்சம் என்று அடுப்பு மேடையை மதில் ஓரமாகத் தள்ளிவிட்டேன். நண்பர்கள் வந்தால் நாங்கள் இந்தப் பக்கம் அரட்டை. மனைவி அந்தப் பக்கம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடை தட்டுவாள். "உங்க சிநேகிதங்க குரல்தான் எனக்குத் தெரியும், முகம் அடையாளம் தெரியாது" என்று ஒருநாள் சொன்னாள். கேலி என்று நினைத்துச் சிரித்தேன். கேலி இல்லை என்று புரியப் பல வருஷம் ஆயிற்று.

"நாங்க ஆள் வச்சுத்தானே சமைப்போம்" என்கிறான் பையன். ஏன், அந்த ஆளுக்கு முகம் கிடையாதா?

சரி, மனிதர்களை விடுங்கள். காற்றையாவது பார்த்தார்களா? வீடு கிழக்குப் பார்த்தது, கொல்லை மேற்கே. அக்னி மூலை என்று சொல்லிக் கொல்லையின் தென்கிழக்கில் அடுப்பை வைத்திருக்கிறார்கள். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தாளிக்கிற நெடி, கரிப்புகை எல்லாம் நேரே வீட்டுக்குள்தான் போகும். வடமேற்கில் வைத்தால் புகை வடக்கே தெருப் பக்கம் போய்விடும். வாஸ்துக்காரர்களே இரண்டாவது இடமாக வாயு மூலையை ஒத்துக்கொள்வது வழக்கம்.

அடுத்தது அந்தக் கண்ணாடி. ஏசி போட்டு மூடிக்கொண்டு, உள்ளேயே கரி அடுப்பில் கோழி சுடுவார்களாம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே சுவரின் அடியில் திறப்பு வேண்டும். மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் மட்டும் போதாது. என்னைக் கேட்டால் இரண்டு பக்கம் சுவரே வேண்டாம், இடுப்பளவு கட்டை போதும்.

மேடை உயரம் 33 அங்குலம். நாலு பேருக்குத் தோசை சுட அது சரி. இருபது பேருக்குப் பிரியாணி என்றால் மேடைமேல் அடுப்பு, அதன்மேல் அண்டா, கரண்டியைத் தலைக்குமேல் தூக்கித்தான் கிளற வேண்டும். கல்யாணச் சமையல்காரர்கள் ஒரு அடி உயர அடுப்பில் நின்றுகொண்டு கிளறுவதைப் பார்த்ததே இல்லையா? அந்த அண்டாவைக் கழுவ இடம்? படத்தில் இருப்பது டம்ளர் அலம்புகிற சிங்க். மூன்றடிக்கு மூன்றடியில் தரையோடு ஒரு கழுவுதொட்டி, பக்கத்தில் குழாய், தண்ணீர் வாழைக்குப் போக ஒரு வாய்க்கால். இதைப் போடச் சொன்னால் "லுக் போயிடும்" என்கிறார் டிசைனர். தரைக்கு வழவழ டைல்ஸ் வேறு. எண்ணெய் சிந்தின டைல்ஸில் என் வயசுக்காரன் ஒருவன் நடந்தால் தெரியும் லுக். சொரசொரப்பான கடப்பா கல் போடுங்கள் என்றேன். கழிப்பறைக்கு விருந்தாளிகள் படுக்கையறை வழியாகத்தான் போக வேண்டும்; அதைப் பற்றிப் பேசவே வெட்கமாக இருக்கிறது.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். முதலில் அடுப்பைத் திருப்பு, நிற்கிறவர் முகம் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கட்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்று. நேற்றுப் பதில் வந்தது. கழுவுதொட்டிக்குச் சம்மதமாம், கடப்பா கல்லுக்கும் சம்மதமாம். அடுப்பை நடுவுக்குக் கொண்டுவந்தால் மட்டும் தரையைத் தோண்டிக் குழாய் இழுக்க வேண்டியிருக்குமாம், செலவு அதிகமாம், யோசிக்கிறானாம்.

மனைவியிடம் படித்துக் காட்டினேன். "உங்க வீட்டுப் பிள்ளைதானே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.